சுபாவமா, சூழலா?

பிறருடைய செயலுக்குக் காரணம் கற்பித்தல் மாந்தர்க்கு இயல்பான பழக்கம். அயல்வீட்டார் அழைப்புக்கு வரவில்லையெனில் "கர்வம் பிடித்தவர்" என்பர். மாணவன் வினாவுக்கு விடை கூறாது நின்றால் "மந்தன்" என்பர். தோட்டத் தொழிலாளி ஒருவர் அலுவலக வாயிலில் வாய் திறவாது ஒதுங்கி நின்றால் "அந்தச் சனங்களின் சுபாவமே அப்படி" என்பர். இம்மூன்று தீர்ப்புகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. செயலைக் கண்டவுடன் அதன் வேரைச் செய்தவரின் உள்ளத்தில் தேடுகின்றன. அவர் எந்த இடத்தில், யார் முன்னிலையில், என்ன நிலையில் நின்றார் என்பதை நோக்குவதில்லை. இத்தகைய தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும்? சமூக உளவியல், ஆளுமைக் கோட்பாடு ஆகிய இரு துறைகளும் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இதுவே. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாக வைத்து நோக்கினால், அத்துறைகளின் அடிப்படைக் கருத்துக்கள் எளிதில் விளங்கும்.

பதுளைப் பகுதி நேயர்கள் நன்கறிந்த உண்மை ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் வாங்கித் தந்த மணம் ஆண்டு முழுவதும் கிட்டுவதன்று. ஏறக்குறைய யூலை முதல் செப்டெம்பர் வரை, மலைகளைக் கடந்து வறண்ட காற்று வீசும் நாட்களிலேதான் கொழுந்தில் அம்மணம் ஏறுகிறது. செடியும் அதுவே, மண்ணும் அதுவே. காற்று மாறியதும் கொழுந்தின் குணம் மாறுகிறது. ஆயின் அதே காற்று மானாப்புல்லின்மீது வீசினால் தேயிலை மணம் பிறந்துவிடாது. செடியும் வேண்டும், காற்றும் வேண்டும்.

மனிதரைப் பற்றி இதே உண்மையைக் கூறியவர் கேட் லெவின் என்னும் உளவியலறிஞர். 1890ஆம் ஆண்டு பிறந்த அவர் யூத இனத்தவர்; ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலே ஜேர்மனியை விட்டு நீங்கி அமெரிக்காவிற் குடியேறியவர். ஒருவருடைய நடத்தை, அவருடைய ஆளும் அவர் வாழும் சூழலும் சேர்ந்து விளைவிக்கும் பயன் என்பது அவருடைய கொள்கை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு மற்றதை விட்டால் கணக்குப் பிழைக்கும். 'சிற்றினஞ் சேராமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துச் சேர்ந்த இனத்தின் வலிமையை எடுத்துரைத்த வள்ளுவரின் மரபில் வந்தோர்க்கு இது முற்றிலும் புதிய கருத்தன்று. புதியது யாதெனில், இக்கருத்தைச் சோதனை மூலம் நாட்டிக் காட்டிய முறையேயாம்.

முதலில் ஆளுமை என்பதைச் சிறிது நோக்கலாம். கோர்டன் ஆல்போட் என்பார் 1936ஆம் ஆண்டில் தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரின் குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஏறக்குறைய 18,000 உள எனக் கணக்கிட்டார். பின்வந்தோர் இச்சொற்கூட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, புதுமையை ஏற்கும் மனம், பொறுப்புணர்ச்சி, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணங்கிப்போகும் இயல்பு, எளிதிற் கலங்கும் இயல்பு என ஐந்து பெரும் பண்புக்கூறுகளில் அடக்கினர். இவை வெறும் கற்பனையல்ல; ஒருவரிடம் இவை ஆண்டுக்கணக்காக ஓரளவு நிலைத்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் 1968ஆம் ஆண்டு வால்ட்டர் மிஷல் என்பார் ஒரு கேள்வியை எழுப்பினார். ஓரிடத்தில் அஞ்சுபவன் எல்லா இடத்திலும் அஞ்சுவானா? ஓரிடத்து நடத்தையை வைத்து வேறோரிடத்து நடத்தையை முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம் என்பது அவர் கண்ட முடிபு. "இன்ன நிலையில் இவர் இப்படி, வேறு நிலையில் இவர் வேறு" என்னும் ஒழுங்கிலேயே ஒருவருடைய தனித்தன்மை காணப்படும் என்று பிற்காலத்தில் அவர் விளக்கினார்.

இதனை மலையகத்தார் தம் கண்முன்னே காணலாம். வகுப்பறையில் பெயர் கேட்டாலும் நிலத்தைப் பார்த்து நிற்கும் பையன், மாசி மாதத்துக் காமன் கூத்திலே வேடம் புனைந்து, விடிய விடிய ஊர்ச்சனம் முழுவதற்கும் முன்பாக ஆடிப்பாடுகிறான். இவ்விருவரில் உண்மையான பையன் யார்? இருவரும் அவனே. வகுப்பறையில் அவனைக் கண்ட ஆசிரியர் "கூச்ச சுபாவம்" என்று எழுதினால், ஒரு பாதியைக் கண்டு முழுமையென எழுதியவராகிறார்.

இவ்வகைப் பிழைக்கு உளவியலார் ஒரு பெயர் இட்டுள்ளனர். காரணங் கூறுதலில் நேரும் அடிப்படைப் பிழை என்பது அது. லீ ரொஸ் என்பார் 1977ஆம் ஆண்டு இட்ட பெயர். அதற்குப் பத்தாண்டு முன்னரே ஜோன்ஸ், ஹரிஸ் என்னும் இருவர் ஒரு சோதனை செய்திருந்தனர். கியூபாத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் மாணவர் எழுதிய கட்டுரைகளைச் சிலரிடம் வாசிக்கக் கொடுத்தனர். இன்ன பக்கம் எழுதுக என்று பணிக்கப்பட்டே எழுதினர் என்பதையும் அறிவித்தனர். அறிந்திருந்தும், ஆதரித்து எழுதியவன் உள்ளத்திலும் ஆதரவாளனே என்று வாசித்தோர் எண்ணினர். கட்டளையின் வலிமையை அறிவு ஏற்றுக்கொண்டது, தீர்ப்பு ஏற்றுக்கொள்ளவில்லை.

கட்டுரை விடயத்தில் இப்பிழை சிறிது. உயிர் விடயத்திலோ மிகப் பெரிது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை? பிடிவாதக்காரர்" என்று தொலைவிலிருந்து கூறுவது எளிது. ஆனால் லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. குடியிருப்போர்க்குச் சொந்த நிலமில்லை. நாட்கூலி வருவது அந்தத் தோட்டத்திலிருந்து. பிள்ளைகளின் பாடசாலை அங்கே. 'போ' என்ற சொல்லோடு 'இன்ன இடத்துக்குப் போ' என்ற சொல் சேரவில்லையெனில் அதை எச்சரிக்கை எனலாமேயன்றி வழி எனல் இயலாது. பின்னர் பூனாகலைப் பகுதியிலுள்ள மகல்தெனியவில் தனிவீடுகள் கட்டி முடிந்து 2016ஆம் ஆண்டு கையளிக்கப்பட்டபோது, தப்பியிருந்தோர் அங்கே சென்று குடியேறினர். பிடிவாதம் என்று பெயர் பெற்றது, வீடு என்று ஒன்று கிடைத்ததும் எங்கே போயிற்று?

இனி, சூழல் என்பதில் மழையும் மலையும் மட்டுமன்றி அதிகாரமும் அடங்கும். லெவினும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்த லிப்பிட், வைட் என்போரும் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குச் சான்று. ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு மன்றங்களாக்கிக் கைவேலை செய்ய வைத்தனர். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்துக் கட்டளையிட்டார். இன்னொருவர் சிறுவரோடு கலந்து பேசி முடிவெடுத்தார். வேறொருவர் எதிலும் தலையிடாதிருந்தார். கட்டளைத் தலைவரின்கீழ் சிறுவர்கள் ஒன்று உணர்ச்சியற்று அடங்கினர், அன்றேல் தம்முள் எளியவன் ஒருவன்மீது பாய்ந்தனர். தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவரின்கீழ் அவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. நினைவிற் கொள்ள வேண்டியது இது: தலைவர் முறை மாறியபோது அதே சிறுவர்களே மாறினர். அடங்கியிருந்த பிள்ளைகள் கட்டுத் தளர்ந்த முதல் நாளில் அமளி செய்தனர், பின்னர் அமைந்தனர்.

இவ்வாய்வு அமெரிக்காவிலே அச்சான காலத்தில் இலங்கைத் தோட்டங்களின் ஒழுங்கு எவ்வாறிருந்தது? விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பெரட்டுக் களத்திற் கூடுவர். மேலே பெரியதுரை; அவர்க்குக் கீழே சின்னத்துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி எனப் படிப்படியாக அதிகாரம் இறங்கும். யார் எந்த மலைக்குச் செல்வது, எத்தனை இறாத்தல் பறிப்பது என்பவையெல்லாம் மேலிருந்தே வரும். கடன்பட்டவர் வேறு தோட்டத்துக்குப் பெயர இயலாதவாறு கட்டிவைத்த 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது. இத்தகைய ஒழுங்கில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களைக் கண்டு "இவர்கள் இயல்பாகவே அடங்கிப்போகிறவர்கள்" என்று துரைமார் எழுதியும் பேசியும் வந்தனர்.

அத்தீர்ப்புக்கு மறுமொழி ஊவாவிலிருந்தே வந்தது. 1939ஆம் ஆண்டின் இறுதியிலே தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் தொடங்கின. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டு மே மாதமளவில் போராட்டம் ஊவாவிலே, பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் உச்சநிலை அடைந்தது. லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கத்தின் வழிகாட்டலில் அங்குள்ள தொழிலாளர் தமக்கெனத் தேர்தல் மூலம் ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதாகத் தோட்டத்துரை இசைந்தார். ஆயுதத்துடன் வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பதும் வரலாறு. மழைவெள்ளம் ஊவாவைப் பிற பகுதிகளினின்று துண்டித்திருந்த நாட்களில் கடும் அடக்குமுறையால் அவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டது. அரசியல் வரலாற்றார் இந்நிகழ்ச்சியை எவ்வாறு மதிப்பிட்டாலும், உளவியல் மாணவர்க்கு இதிலே ஒரு பாடமுண்டு. பெரட்டுக் களத்தில் வாய் திறவாது நின்றவர்களும், சபை கூட்டித் தீர்மானம் எடுத்தவர்களும் வேறு வேறு மக்களல்லர். 'சுபாவம்' ஒரு மாதத்தில் மாறுவதில்லை. மாறியது அவர்கள் நின்ற நிலையே.

அடுத்து, பெயரின் வலிமை. அச்சில் வார்த்த எழுத்துப்போல ஒரு கூட்டத்தார் எல்லோரும் ஒரே மாதிரி எனக் கொள்ளும் கருத்தினை, அச்சுத் தொழிற் சொல்லையே எடுத்து வோல்டர் லிப்மன் 1922ஆம் ஆண்டிலே பெயரிட்டு விளக்கினார். 'தோட்டக்காட்டான்' என்னும் ஏளனச்சொல் அத்தகைய வார்ப்பு. தமிழ் பேசுவோரே தமிழ் பேசுவோரைக் குறித்து வழங்கிய சொல் அது என்பதை மறத்தல் ஆகாது. தோட்டத்துப் பேச்சு வழக்கிலோ ஒருநாள் வேலைக்கே 'பேர்' என்று பெயர். நிறை குறைந்தால் 'அரைப் பேர்' விழும். பேர் என்பது மனிதனைக் குறிக்காமல் செக்றோல் புத்தகத்தில் விழும் கோட்டைக் குறிக்கும்போது, அங்கே வளரும் பிள்ளை தன்னை எவ்வாறு எண்ணும்? பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் என்று நாம் எண்ணுகிறோமோ அதுவே நம்மைப் பற்றிய நம் எண்ணமாகிறது. பிறர் முகமே நமக்குக் கண்ணாடி என்று சார்ள்ஸ் கூலி 1902ஆம் ஆண்டிற் கூறினார். தாழ்வுணர்ச்சி குழந்தை எல்லாவற்றிலும் உண்டு, அதுவே முயற்சிக்கும் தூண்டுகோல், ஆனால் சூழ்ந்தோர் அதை ஓயாது உறுதிப்படுத்தினால் அது நோயாகும் என்பது வியன்னா மருத்துவர் அட்லரின் கொள்கை.

பொய்யான கருத்தொன்று தன்னைத் தானே மெய்யாக்கிக் கொள்ளவும் வல்லது. 1948ஆம் ஆண்டு ரொபட் மேட்டன் என்னும் சமூகவியலறிஞர் இதனைக் காட்டினார். நல்ல நிலையிலுள்ள வங்கி முறியப்போகிறது என்று வதந்தி பரவுகிறது. எல்லோரும் ஒரே நாளிற் பணத்தை மீட்க ஓடுகின்றனர். வங்கி உண்மையாகவே முறிகிறது. "சொன்னோமே" என்கின்றனர் வதந்தியைப் பரப்பினோர். அதே 1948ஆம் ஆண்டிலே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தோட்டத் தமிழர் வந்து போகிறவர்கள், இந்நாட்டில் வேரூன்றாதவர்கள் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அச்சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும், அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையும் இழந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொகுதிகள் சிலவற்றில் வெற்றிபெற்ற இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து 1952ஆம் ஆண்டில் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964 அக்டோபர் 30ஆந் திகதி செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. பதுளைப் புகையிரத நிலையத்திலும் பண்டாரவளையிலும் அழுகையோடு விடைபெற்று எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. வேரூன்றாதவர் என்ற சொல், வேரைப் பிடுங்கித் தன்னை நிறைவேற்றிக்கொண்டது. நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு ஆயிற்று.

எவ்வளவு முயன்றும் பயனில்லையெனக் கண்டவர் முயற்சியையே விட்டுவிடுதல் பற்றி மாட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மயரும் 1967ஆம் ஆண்டு விலங்குகளை வைத்து ஆராய்ந்தனர். தப்ப இயலாத துன்பத்தை நெடிது பட்ட நாய்கள், பின்னர் வழி திறந்திருந்தபோதும் தப்ப முயலாது கிடந்தன. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று அதற்குப் பெயரிட்டனர். அவ்விருவரே ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்து, மூளையைப் பற்றிய புதிய ஆய்வுகளின் துணைகொண்டு அக்கருத்தைத் திருத்தினர். நீண்ட துன்பத்தின்முன் சோர்ந்து கிடத்தல் உயிரின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது, தன் முயற்சியால் நிலைமை மாறும் என்னும் உணர்வே என்றனர். இத்திருத்தம் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மிகப் பயனுடையது. "ஊக்கமில்லாதவர்கள்" என்று ஒரு கூட்டத்தாரைப் பழிப்பதற்கு முன், தம் முயற்சிக்குப் பலன் கிட்டும் என்பதை அவர்கள் எத்தனை முறை கண்ணாற் கண்டிருப்பர் என்று கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டிலே, தம் முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, அம்முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர் மலையக மக்கள். பிறர் இட்ட பெயரை நீக்கி 'மலையகத் தமிழர்' என்று தாமே தமக்குப் பெயரிட்டுக்கொண்டு நடந்த நடை அது.

ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவ்வுணர்வு நடைபயணத்திலன்றி வகுப்பறையிலேதான் வாய்க்கவேண்டும். றொசெந்தால், ஜேக்கப்சன் என்போர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஆசிரிய உலகிற் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஒரு பாடசாலையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மாணவரைக் குருட்டாம்போக்கிலே தெரிந்து, "இவர்கள் விரைவில் மலரப்போகும் பிள்ளைகள்" என்று ஆசிரியர்களிடம் கூறினர். ஆண்டிறுதியில் அப்பிள்ளைகளிற் சிலர், முக்கியமாக முதலிரு வகுப்பினர், மற்றையோரினும் முன்னேறியிருந்தனர். பின்வந்த ஆய்வாளர் இதன் அளவைக் குறைத்தே மதிப்பிட்டுள்ளனர். எதிர்பார்ப்பு மந்திரக்கோல் அன்று. ஆனால் அது செல்லும் வழி தெளிவாகவே உள்ளது. திறமையுள்ளவன் என்று கருதும் பிள்ளையிடம் ஆசிரியர் அதிகம் பேசுகிறார். விடைக்காகச் சற்று நீண்ட நேரம் காத்திருக்கிறார். பிழையை விளக்கித் திருத்துகிறார். மந்தன் என்று கருதும் பிள்ளையிடம் கேள்வி போகிறது, விடை வருமுன் அடுத்த பிள்ளைக்கு நகர்கிறது. பசறையிலோ, மடுல்சீமையிலோ, லுணுகலையிலோ பனிமூட்டத்தில் பல கல் நடந்து வந்த பிள்ளைக்கு மூச்சுத் திரும்பவே சில நொடிகள் வேண்டும்.

மாறவேண்டியது தோட்டத்தார் மனம் மட்டுமன்று. அவர்களைக் காணும் பிறர் மனமும் மாறவேண்டும். கூடிப் பழகினால் தப்பெண்ணம் தானே தீரும் என்று பலர் நம்புவர். ஆல்போட் 1954ஆம் ஆண்டு எழுதிய நூலில் அதற்கு நான்கு நிபந்தனைகள் கூறினார்: இரு சாராரும் சமநிலையில் சந்திக்க வேண்டும்; பொதுவான குறிக்கோள் வேண்டும்; போட்டியின்றி ஒத்துழைக்க வேண்டும்; சட்டமும் தலைமையும் அதற்குத் துணைநிற்க வேண்டும். பதுளைக் கடைத்தெருவில் சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தமிழரும் முஸ்லிம் வணிகரும் நாள்தோறும் சந்திக்கின்றனர். ஆனால் கடனுக்கு வாங்குபவரும் கடன் எழுதுபவரும் சந்திப்பது சமநிலைச் சந்திப்பன்று. ஒரே ஓயாவின் நீரைக் காப்பதற்கும், ஒரே சரியும் மலைக்கு அணை கட்டுவதற்கும், ஒரே மைதானத்தில் ஒரே அணியாக ஆடுவதற்கும் சேரும்போதே ஆல்போட் கூறிய சந்திப்பு நிகழும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எல்லாம் சூழல் என்றால், தனி மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? குடித்துக் கூலியைக் கரைப்பவனுக்கும் சூழலே சாக்காகுமா? ஆகாது. லெவினின் கணக்கில் ஆளும் ஒரு பங்கு என்பதை மறத்தலாகாது. ஒரே லயத்தில், ஒரே கூலியில் வாழும் இரு சகோதரரில் ஒருவர் குடியில் அமிழ்கிறார், மற்றவர் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்புகிறார். சூழலை அறிவது ஒருவரை மன்னிப்பதற்காக அன்று. எங்கே கை வைத்தால் நிலைமை மாறும் என்பதைக் காண்பதற்காக. சுபாவத்தின்மீது பழி போட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சூழலைக் கண்டால் செய்யவேண்டியவை உடனே தெரிகின்றன: வீட்டுக்கு உறுதி, பிள்ளைக்குப் பாடசாலை, கூலிக்குக் கணக்கு, குறையைக் கேட்பதற்கு ஒரு காது.

அதிகாரிகளும் ஆசிரியரும் கடைக்காரரும் பெற்றோரும் இன்றே கைக்கொள்ளக்கூடிய சிறு பயிற்சி ஒன்றுண்டு. ஒருவரைப் பற்றி "இவர் இப்படிப்பட்டவர்" என்று நாவில் வரும்போது, "எங்கே? எப்போது? யார் முன்னிலையில்?" என்னும் மூன்று சொற்களை அதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். "பேசமாட்டான்" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதவிருக்கும் பேனா, "வகுப்பில் இன்னும் பேசவில்லை" என்று எழுதட்டும். முதல் வாக்கியம் ஒரு பிள்ளையின்மீது கதவை மூடுகிறது. இரண்டாவது வாக்கியம், நாளைக்கு மீண்டும் அவனிடம் கேள்வி கேட்கவேண்டிய கடமையை ஆசிரியர்மீது வைக்கிறது.